எட்டாவது கோரிக்கை

தரை எங்கே முடிகிறது என்று தவசிமுத்துவுக்குத் தெரியவில்லை. எங்கேயோ முடிகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் இந்த வழியாகத்தான் ஏறி வந்தார், காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் மாட்டிய இடது கால் ஒவ்வொரு படியிலும் டக் என்று ஒலிக்க, வலது கக்கத்தில் ஊன்றுகோலோடு, நின்று நின்று, ஆனால் ஒருவர் கையையும் பிடிக்காமல். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அடியில் ஒரு நிழல்கோடு இருந்தது, மெலிதாக, கறுப்பாக. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். இப்போது இறங்கலாம் என்று வந்து நின்றால் அத்தனை கோடுகளும் எங்கோ போய்விட்டன. மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே சாம்பல் கல், மெருகு போட்ட கல், அதன் மேல் திருப்பத்து ஜன்னலிலிருந்து வந்து விழும் பதினொரு மணி வெயில். குளத்தில் தண்ணீர் நிற்பதுபோல வெளிச்சம் நிற்கிறது. அதில் எது தரை, எது முதல் படி, எது வெறும் காற்று? ஊன்றுகோலை ஒரு சாண் முன்னே நகர்த்தினார். கல். இன்னும் ஒரு சாண். கல். மூன்றாவது முறை நகர்த்தக் கை வரவில்லை. இடது கையை நீட்டிக் கைப்பிடியைத் தேடினார். அதுவும் இல்லை. இருக்கிறது, கீழே எங்கோ எஃகு மின்னுகிறது, ஆனால் அது முதல் படிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. படி தொடங்குவதற்கு ஓரடி முன்பே கைப்பிடி தொடங்க வேண்டும். இருபுறமும் வேண்டும். படி வருகிறது என்று காலுக்குச் சொல்ல முன்கூட்டியே புடைப்புக் கல் பதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மூன்று விரல் அகலத்துக்கு வேறு நிறத்தில் பட்டை ஓட வேண்டும். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் இதை அரசாங்கத்துக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் இப்போது புதிய அரசு அலுவலகக் கட்டடத்தின் முதல் மாடியில், படிக்கட்டின் உச்சியில், ஒரு காலும் ஒரு கட்டையுமாக நிற்கிறார், சட்டைப் பையில் பேனாவோடு. அந்தப் பேனாவால்தான் பத்து நிமிடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார்.

படிக்காமல் போட்டார். இந்த எண்ணம் வந்ததும் அதை ஊன்றுகோலால் தள்ளுவதுபோல ஒரு பக்கமாகத் தள்ளினார், அது திரும்ப வந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒருநாளும் செய்யாத காரியம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அச்சுக்கூடத்தில், எழுத்துக் கோர்க்கும் மேசையில், தலைகீழாகவும் இடவலமாகவும் ஈய எழுத்துகளை விரலால் படித்த படிப்பு. துண்டறிக்கையிலும் இரண்டு ரூபாய்ப் புத்தகங்களிலும் உலகத்தைத் தெரிந்துகொண்டவர். பட்டம் வாங்கிய அதிகாரிகள் நீட்டிய காகிதங்களில் அவர்களே கவனிக்காத ஓட்டையைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டியவர். "கடைசி வரி வரைக்கும் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று எத்தனை கூட்டங்களில் சொல்லியிருப்பார், மூன்று சக்கர வண்டியில் வந்தவர்களிடம், தவழ்ந்து வந்தவர்களிடம், கைநாட்டு வைக்கும் கிழவர்களிடம். கைநாட்டைக் கேலி செய்தும் பேசியிருக்கிறார், ஒளிப்பானேன். இன்று உதவிப் பொறியாளர் ஹரிராம், முகத்தில் எப்போதும் மரியாதை பூசிய இளைஞன், நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்து, கட்டடத்தில் வசதிகள் சரியாக இருக்கின்றன என்று கமிட்டி தர வேண்டிய மூன்று பக்கச் சான்றை முன்னால் வைத்து, "ஐயா, எல்லாம் நீங்க கேட்ட மாதிரியே பண்ணியாச்சு. ஆபீஸ் வந்தாச்சு, திங்கட்கிழமை முறைப்படி திறப்பு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா மத்த மெம்பருங்க கண்ண மூடிக்கிட்டுப் போடுவாங்க" என்றான். காகிதத்தைக் கையில் எடுத்தபோது நடுவில் வழக்கமான அந்தக் கறை வந்து உட்கார்ந்தது, ஈர விரலால் மையைத் தேய்த்த மாதிரி. ஓரத்தில் மட்டும் எழுத்தா எறும்பா என்று சொல்ல முடியாத ஒரு வரிசை. தாளை ஒரு மனிதன் படித்தால் எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வைத்திருந்தார். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினார். பக்கத்தைப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து, "இங்க எழுத்து ரொம்ப நெருக்கமா இருக்கே" என்றுகூடச் சொன்னார். ஹரிராம் குனிந்து பார்த்து, "ஆமாய்யா, உங்க கண்ணுக்குத் தப்புமா" என்றான். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. கையெழுத்து எந்த இடத்தில் விழுந்ததோ தெரியாது. அவன் விரல் காட்டிய இடத்தில் போட்டார்.

இருபத்திரண்டு வரி உள்ள சான்று அது. படிவத்தின் வாசகம் அவர் எழுதியதுதான், இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மழைநாளில், மாற்றுத்திறனாளிகள் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து. முதல் வரி சாய்தளம். ஏழாவது வரி கழிப்பறைக் கதவின் அகலம். பதினான்காவது வரி, படி விளிம்புகளில் மாறுபட்ட நிறப் பட்டை. பதினேழாவது வரி, பெரிய எழுத்தில், மினுக்கம் இல்லாத பரப்பில், தொட்டுப் படிக்கும் புள்ளிகளோடு பெயர்ப்பலகைகள். வரிகள் மனப்பாடம். எதிரே இருக்கும் 'உண்டு, இல்லை' மட்டும்தான் இன்று அச்சடித்து வந்தது, அதைத்தான் அவர் பார்க்கவில்லை. பதினான்குக்கு எதிரே என்ன இருக்கும்? கண்ணைச் சுருக்கி மறுபடி கீழே பார்த்தார். ஒருவேளை பட்டை இருக்கிறதோ என்னவோ. மங்கலான நிறத்தில் ஓட்டியிருப்பார்கள், தன் கண்ணுக்குத்தான் தட்டுப்படவில்லையோ. இப்படி ஒரு சந்தேகம் வந்ததும் முதல்முறையாகப் பயம் வந்தது. விழுந்துவிடுவோம் என்ற பயமில்லை. விழுவது பழக்கம்தான், அறுபத்தாறு வருடப் பழக்கம். ஒரு படிக்கட்டு ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் தவசிமுத்துவால் சொல்ல முடியாது என்ற பயம்.

"ஐயா, யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கீங்களா?" பக்கத்தில் காக்கிச் சட்டை நிறம் அசைந்தது. அலுவலக உதவியாளர், குரலைக் கேட்டால் நடுவயது. "கட்டடத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் தவசிமுத்து, முகத்தை நிமிர்த்தி. காக்கி சட்டென்று ஒதுங்கியது. பின்னால் வந்தவர்களிடம் தணிந்த குரலில், "ஐயா இன்ஸ்பெக்‌ஷன் பண்றாங்க, ஓரமாப் போங்க" என்பது கேட்டது. செருப்புகள் அவரைச் சுற்றிக்கொண்டு மரியாதையாக இறங்கின, தட தட தட என்று, எந்தக் கோட்டையும் தேடாமல், பேசிக்கொண்டே, ஒருத்தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டேகூட. லிஃப்ட் பக்கம் போக முடியாது, அதன் கதவில் இன்னும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது, உரிமம் வந்தால்தான் ஓடுமாம். உட்கார்ந்து நகர்ந்து இறங்கலாம். அது தெரிந்த வித்தைதான். ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்துப் படிகளில் அப்படித்தான் இறங்கினார், கால்சட்டையின் பின்பக்கம் தேய்ந்து கிழிந்து, அம்மா சாக்குத் துணியில் ஒட்டுப்போட்டாள், பையன்கள் 'சாக்கு' என்றே பெயர் வைத்தார்கள். இருபது வயதில் முதல் காலிப்பர் மாட்டிக்கொண்ட அன்று அச்சுக்கூடத்து வாசலில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், இனி எந்தப் படிக்கட்டிலும் உட்கார மாட்டேன் என்று. உட்காரவில்லை. மறியலில் போலீஸ்காரன் தள்ளியபோதும் விழுந்தாரே தவிர உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்தால், இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுகிற ஐயா பிட்டத்தால் இறங்குவதை இந்தக் காக்கி பார்க்கும், பெஞ்சில் மனுவோடு உட்கார்ந்திருக்கும் ஜனம் பார்க்கும், ஹரிராம் ஓடிவருவான், "ஐயா, உங்க கண்ணுக்கு என்னாச்சு?"

கண்ணுக்கு என்னாச்சு என்று ஏழு மாதத்துக்கு முன் டாக்டர் சொல்லியாயிற்று. சர்க்கரை விழித்திரையைத் தின்கிறது, தின்றது தின்றதுதான். அன்றிலிருந்து பத்திரிகை படிப்பதில்லை. ஏன் தோழர் என்று சங்கத்தில் கேட்டால், "எல்லாம் பொய், எதுக்குப் படிக்கணும்?" என்கிறார். அதை எல்லோரும் நம்பினார்கள், அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். யாராவது கடிதம் கொண்டுவந்தால், "நீங்களே சத்தமா வாசிங்க, எல்லாருக்கும் தெரியட்டும்" என்கிறார். அதையும் ஜனநாயகம் என்று நினைத்தார்கள். கசப்பான மனிதன் என்று பெயர் எடுத்திருப்பதில் இப்படி ஒரு வசதி. ஆனால் கால் கதை வேறு. கால் போனது அவர் குற்றமில்லை, இரண்டு வயதில் ஒரு காய்ச்சல். காலைக் காட்டிக் கேட்டது எல்லாம் உரிமை. கண்ணைக் காட்டிக் கேட்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? இங்கேதான் எண்ணம் எப்போதும்போல இடறிற்று. 'வலியுறுத்தப்படவில்லை.' பதினொரு வருடமாக அந்த ஒரு சொல் அவருக்குள் எங்கே கிடக்கிறது என்று தெரியாது, இடறும்போது மட்டும் தெரியும். 'எட்டு மற்றும் ஒன்பதாம் கோரிக்கைகள் சங்கத்தால் வலியுறுத்தப்படவில்லை.' பதினேழு நாள் காத்திருப்புப் போராட்டத்தின் முடிவில், பழைய கட்டடத்தில், பேச்சுவார்த்தைக் குறிப்பில், அவர் முன்னால் எழுதப்பட்ட வாக்கியம். அதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அது ஒரு தொழில் ரகசியம். கோரிக்கைப் பட்டியல் என்றால் ஒன்பது இருக்க வேண்டும் என்று மில் தொழிற்சங்கத்துப் பழைய ஆட்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். முதல் மூன்று உயிர். அடுத்த நான்கு பேரம். கடைசி இரண்டு கறிவேப்பிலை. வாசனைக்குப் போடுவது, சாப்பிடும்போது எடுத்து ஓரத்தில் வைப்பது. மேசையில் உட்கார்ந்ததும் அதிகாரிக்கு எதையாவது மறுத்த திருப்தி வேண்டும், அதற்கென்று இரண்டு. வெளியில் யாருக்கும் சொல்வதில்லை, அந்த இரண்டையும் கொண்டுவந்தவர்களிடம் நிச்சயமாகச் சொல்வதில்லை. அந்த வருடம் எட்டையும் ஒன்பதையும் கொண்டுவந்தவள் செல்லக்கனி. வங்கியில் தொலைபேசி ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை இல்லை, வெள்ளைக் குச்சியோடு பஸ் ஏறி வந்து கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து, "தோழர், படி விளிம்புல மஞ்சப் பட்டை. அப்புறம் தொட்டுப் படிக்கிற பெயர்ப்பலகை. இந்த ரெண்டும் எங்களுக்கு வேணும்" என்றாள். "போட்டுட்டாப் போச்சு தோழர்" என்று அவர் கடைசியில் எழுதினார். பதினேழு நாளும் அவள் பந்தலில் இருந்தாள், கோஷத்துக்கு அவள் குரல்தான் எடுப்பு. சாய்தளம் கிடைத்தது. கழிப்பறை கிடைத்தது. மாலை போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, தொட்டுப் பார்க்க ஒரு பலகையும் இல்லாத அதே பழைய கட்டடத்தின் படிக்கட்டில், கைப்பிடி முடிந்த இடத்தில் படியும் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்து, அவள் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனார். "வாங்க சார்" என்றாள். அந்த 'சார்' அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவரை அவள் தோழர் என்று கூப்பிடவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை. இதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்: எட்டையும் ஒன்பதையும் விட்டதால்தானே முதல் கோரிக்கை கிடைத்தது, ஆயிரம் வண்டி அந்தச் சாய்தளத்தில் ஏறவில்லையா? ஏறியது. நியாயம் நியாயம்தான். பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது?

கீழே, திருப்பத்துக்கு அந்தப் பக்கம், டக் டக் என்று ஒரு ஒலி. காலிப்பர் இல்லை, அதைவிட மெலிது. குச்சி. கல்லைத் தட்டி, நிமிர்ந்து, கல்லைத் தட்டி. யார் என்று தெரிவதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை. செல்லக்கனியும் இந்தக் கமிட்டியில் உறுப்பினர், அவளையும் ஹரிராம் கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டிருப்பான். எட்டு, ஒன்பது, பத்து என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு வெளிச்சக் குளத்துக்குள்ளிருந்து ஒரு நீலப் புடவை மேலே வந்தது. பதினொன்றில் நின்றது. குச்சி முன்னால் துழாவியது, ஊன்றுகோலில் பட்டது. "யாரது, வழில?" "நான்தான்" என்றார். "ஓ. சார். கீழயே சொன்னாங்க, சார் மேல நின்னு இன்ஸ்பெக்‌ஷன் பண்றாருன்னு. பன்னெண்டாவது படி இருக்கா இல்ல தரையா?" "தரை." அவள் ஏறி நின்று மூச்சு வாங்கினாள், இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு. "முன்னாடி புடைப்புக் கல்லு எதுவும் கால்ல தட்டலயே சார். சரி, அத விடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டாச்சாமே. படிச்சுப் பாத்தீங்களா?" "படிச்சேன்" என்றார். சொல் தானாக வந்தது, இத்தனை வருடப் பழக்கத்தில் வந்தது. "படி விளிம்புல பட்டை இருக்கா?" "ம்." "எனக்குக் குச்சில தெரியாது பாருங்க, அதான் கேக்குறேன். பட்டை இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான் எனக்கு. அன்னைக்குக் கேட்டதும் எனக்குன்னு கேக்கல. முழுசாத் தெரியாதவங்க நாங்க எண்ணிக்கிட்டுப் போயிருவோம். கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாதுன்னு ஒரு கூட்டம் இருக்குல்ல, வெளிய சொல்ல மாட்டாங்க, குச்சியும் எடுக்க மாட்டாங்க, கௌரவம். விழுறது அவங்கதான் சார். அவங்களுக்குத்தான் அந்த எட்டாவது." எட்டாவது என்று எண்ணைச் சொன்னாள், தொலைபேசி எண் சொல்வதுபோல, நிறுத்தி. "நீங்க படிச்சிட்டீங்கன்னா சரி. எனக்கு யாரு வாசிச்சுக் காட்டப் போறா, உங்க பேரத் தடவிப் பாத்து அதுக்குக் கீழ நான் போட வேண்டியதுதான்." குச்சி அவரைத் தாண்டிப் போனது. டக். டக். பெஞ்சுகளைக் கடந்து, ஹரிராமின் அறைப் பக்கம்.

அவர் அசையவில்லை. அசைய வழியில்லை, முன்னால் எங்கே முடிகிறதென்று தெரியாத தரை, பின்னால் அந்தக் குச்சி. இருபது டக் இருக்கும் அந்த அறைக்கு. பத்தாகிவிட்டது. சும்மா இருந்தால் போதும். அவள் போடுவாள், திங்கட்கிழமை ரிப்பன் வெட்டுவார்கள், பித்தளைத் தகட்டில் கமிட்டி உறுப்பினர் வரிசையில் அவர் பெயர் முதலில் இருக்கும், அதை அவரே தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொரு மாதத்தில் கொஞ்சம் தெரியும் கொஞ்சம் தெரியாது என்ற யாரோ ஒரு கௌரவக்காரன் இங்கே வந்து நிற்பான். அவன் வந்தாயிற்று, இதோ நிற்கிறான். இந்தமுறை எடுத்து ஓரத்தில் வைக்க மேசை இல்லை, அதிகாரி இல்லை, சாய்தளம் இல்லை. பதினைந்து. பதினாறு. "செல்லக்கனி" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி, மைதானத்தில் கூப்பிடுகிற குரலில், "செல்லக்கனி, நில்லுங்க." குச்சி நின்றது. "நான் படிக்கல. படிக்க முடியல. பட்டை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. இதுக்கு மேல எங்க கால வைக்கிறதுன்னும் தெரியல."

குச்சி திரும்பி வந்தது, அவசரமில்லாமல். பக்கத்தில் வந்து நின்றாள். ஐயோ என்று சொல்லவில்லை. "எத்தன மாசமா?" "ஏழு." "அதுக்கு மேலயே இருக்கும்" என்றாள். "எல்லாரும் கொறச்சுத்தான் சொல்றது." பிறகு பொதுவாக, காற்றைப் பார்த்து, "இங்க கண்ணு நல்லாத் தெரியறவங்க யாராச்சும் இருக்கீங்களா? இந்தப் படி ஓரத்துல மஞ்சளா, வெள்ளையா, ஏதாவது பட்டை போட்டிருக்கா?" என்றாள். காக்கிச் சட்டைக்காரர் கிட்டே வந்து குனிந்து பார்ப்பது தெரிந்தது. "இல்லம்மா. எல்லாம் ஒரே கல்லுதான். நல்லாப் பளபளன்னு இருக்கு." யாரோ ஒரு கிழவி பெஞ்சிலிருந்து, "காலைல நானே வழுக்குனேன்" என்றாள். தவசிமுத்து அவள் பக்கம் திரும்பினார். "அந்த எட்டும் ஒன்பதும்..." என்று ஆரம்பித்தார். "தெரியும் சார். நானும் பேங்க் யூனியன்ல இருந்தவதான். நாங்களும் கடைசில ரெண்டு போடுவோம்." அவ்வளவுதான். மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை. இடது தோளை அவர் பக்கம் கொஞ்சம் இறக்கினாள். "கைய வைங்க. பிடிச்சு அமுக்க வேண்டாம், சும்மா வச்சாப் போதும். நான் நின்னா நில்லுங்க."

கையை வைத்தார். காலிப்பரும் குச்சியும் மாறி மாறி ஒலிக்க, பெஞ்சு பெஞ்சாக முகங்கள் திரும்புவதை அவர் பார்க்கவில்லை, உணர்ந்தார், வெயில் படுகிற மாதிரி. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும். சங்கத்தில் அடுத்த கூட்டத்தில் யாராவது மெதுவாக, தோழருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்பார்கள். சொல்லட்டும். அறைக்குள் நாற்காலி தள்ளப்படும் ஓசை. "ஐயா, இன்னும் நீங்க போகலியா? அம்மா, வாங்க வாங்க, உக்காருங்க, இங்க ஒரு கையெழுத்து மட்டும்..." "அந்தச் சான்றை எடுங்க தம்பி" என்றார் தவசிமுத்து, உட்காராமல். "எனக்கு எழுத்துத் தெரியல. கண்ணு போயிருச்சு. தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப மொதல்லருந்து வாசிங்க. சத்தமா." காகிதம் சலசலத்தது. "எதுக்குய்யா, எல்லாம் நீங்க எழுதின ஃபாரம்தானே." "வாசிங்க." வாசித்தான். சாய்தளம், உண்டு. சாய்தளக் கைப்பிடி, உண்டு. ஒவ்வொரு உண்டுக்கும் தவசிமுத்து தலையை அசைத்தார், அவள் தோளிலிருந்து கையை எடுக்காமல். ஏழு, எட்டு, ஒன்பது. வாசல் பக்கம் ஆட்கள் வந்து நிற்பது தெரிந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்குக்கு வந்ததும் அந்த இளைஞனின் குரல், படிக்கட்டின் உச்சியில் வந்து நின்ற கால்போல, நின்றுவிட்டது.

"வாசிங்க சார்" என்றாள் செல்லக்கனி. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."